குழாய் நுனியில் ஒரு துளி

எங்கள் முதுகலைப் படிப்பின் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. எந்த ரசாயனத்தை எவ்வளவு கலப்பது என்று கணினி முடிவு செய்யும், இயந்திரக் கை கலந்து பார்க்கும், இரண்டுக்கும் நடுவே நாங்கள் நிற்போம். திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்தேன். ஒருநாள் காலையில், வயலுக்கு மோட்டார் போடக் கிளம்பிய அப்பா வாசலில் நின்று கேட்டார்.

"மிஷினே எல்லாஞ் செய்யுதுன்னா நீ எதுக்குத்தா தெனம் அம்புட்டுத் தூரம் போற?"

"அதப் பாத்துக்கிட ஆளு வேணும்லப்பா" என்றேன்.

கடைசி செமஸ்டர் புராஜெக்டில் எனக்குக் கூட்டாளி ஒருத்தி. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பாவுக்கு மாசி வீதிப் பக்கம் துணிக்கடை. பொங்கல் கழிந்ததும் தொடங்கினோம். தட்டில் வரிசையாகச் சிறு குப்பிகள் இருக்கும். இயந்திரக் கை பிளாஸ்டிக் குழாயால் திரவத்தை உறிஞ்சி ஒவ்வொன்றிலும் ஊற்றும். எந்தக் குப்பியில் அதிகப் பொருள் விளைந்தது என்று அளந்து, அடுத்த கலவையைக் கணினி கேட்கும். மாசி முடிவதற்குள், யாரும் எதிர்பாராத அளவுக்கு ஒரு கலவை விளைச்சல் தந்தது. எங்கள் பேராசிரியை மகிழ்ந்துபோய் ஒரு கருத்தரங்குக்கு அதைப் பற்றி ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பிவிட்டார்.

அதே கலவையை என் கையால் செய்து பார்த்தேன். பாதிகூட வரவில்லை.

"கை பழகியிருக்காதும்மா, திரும்பப் பண்ணு" என்றார் மேடம். பண்ணினேன். கூட்டாளியும் பண்ணினாள். அதேதான். எங்களைத்தான் நாங்கள் சந்தேகப்பட்டோம். மருந்துப் புட்டியைச் சந்தேகப்பட்டோம், தராசைச் சந்தேகப்பட்டோம். இயந்திரத்தைச் சந்தேகிக்க எங்களுக்குத் தோன்றவில்லை.

பங்குனி வெயிலில் ஆய்வகத்து ஏசி திணறிக்கொண்டிருந்த ஒரு மதியம், அவள் தட்டின் மட்டத்துக்குக் குனிந்து முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

"ஏய், இங்க வா. அந்த நுனியப் பாரு."

குழாய் நுனியில் ஒரு துளி தொங்கியது. கை நகர்ந்தபோது அது போகவேண்டிய குப்பியில் விழாமல் பக்கத்துக் குப்பியில் விழுந்தது. சூட்டில் திரவம் ஆவியாகி, குழாய்க்குள்ளிருந்தே துளியை வெளியே தள்ளியிருக்கிறது. நாங்கள் கொண்டாடிய குப்பிக்குள் பக்கத்துக் குப்பிக்குப் போகவேண்டிய துளிகளும் சேர்ந்து விழுந்திருக்கின்றன. கணினி அந்தப் பொய்யைப் பாடமாகப் படித்து, அதே மாதிரிக் கலவைகளையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

இருவரும் மேடத்தின் அறைக்குப் போய்ச் சொன்னோம்.

"எம்புட்டு டேட்டா கெட்டுச்சு?" என்று கேட்டார்.

"எதை நம்பறதுன்னே தெரியல மேடம்."

மேடம் கணினியைத் திறந்து, சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக அவரே மின்னஞ்சல் எழுதினார். "முதல்லருந்து ஆரம்பிங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

துளி சொட்டாமலிருக்க, உறிஞ்சும் முன் குழாயை அதே திரவத்தில் இரண்டு முறை நனைக்கவேண்டும், நகரும் முன் நுனியில் கொஞ்சம் காற்றை இழுத்துக்கொள்ளவேண்டும். நிரலில் நான்கைந்து வரிதான் மாற்றம். ஆனால் எல்லாச் சோதனையையும் புதிதாக ஓட்டவேண்டும். அப்போது அவளுக்கு நோன்பு. தண்ணீர்கூட இல்லாமல் இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். நான் பாட்டிலோடு வராந்தாவுக்குப் போனால் திட்டுவாள்.

"எனக்காக வெளிய போய் நிக்காத. இங்கனயே குடி. கரண்ட் போச்சுன்னா நான் ஒருத்தி என்ன செய்வேன்?"

கரண்ட் போனது. பலமுறை போனது. பாதியில் நின்ற தட்டுகளைக் கொட்டிவிட்டு மறுபடி அடுக்கினோம். சிரிக்கவோ அழவோ செய்யாமல் குப்பிகளுக்கு எண் ஒட்டினோம்.

முடிவில் வந்த விளைச்சல் சுமார். ஆனால் கையால் செய்தாலும் அதுவே வந்தது. வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் விளைச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, துளியைப் பற்றித்தான் கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள். இருவருக்கும் நல்ல மதிப்பெண்தான்.

பிறகு கேன்டீனுக்குப் போனோம். அவளுக்கு நோன்பு முடிந்திருந்தது. நான் டீ வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் அவள் மேசையில் தலை சாய்த்துத் தூங்கியிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. பாலாடை படிந்துகொண்டிருந்த இரண்டு டீ டம்ளருக்கும் எதிரே, எதையும் யோசிக்காமல் உட்கார்ந்திருந்தேன்.