அவள் எனக்கு முந்திப் போகக் கூடாது என்று வேண்டினேன்

எனக்கு ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. என் எழுத்து கோணல், வரி ஒரு பக்கமாய் ஏறிக்கொண்டே போகும். மறதியும் அதிகம். நடந்தது முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை பஜனையில் எழுந்து சொல்லச் சொன்னீர்கள். நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு இந்த வயதிலும் வராது. அதனால் எழுதித் தருகிறேன். யாராவது வாசித்துவிடுங்கள். நான் பின்வரிசையில் இருந்துகொள்கிறேன்.

போன வருஷம் மாசி மாதம் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்துவிட்டு, வசந்தாவுக்குக் கல்லீரல் கிருமி திரும்ப வந்திருக்கிறது என்று சொன்னார்கள். வசந்தாவை என் தங்கச்சி என்று உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தங்கச்சி இல்லை. என் வீட்டுக்காரர் உறையூரில் சேர்த்துக்கொண்ட இரண்டாவது பெண்டாட்டி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் இரண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது. அவர் எங்களுக்கு விட்டுப்போனது அதுதான். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. நாங்கள் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம். இதைக் கேட்டதும் போன வாரம் நான் கரைத்த பானகத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பானகத்தில் அது வராது. வசந்தாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "என் பேரத் தாராளமாப் போடுங்கக்கா, வயச மட்டும் போட்டுடாதீங்க" என்றாள்.

அவர் போன பிறகு அவளுக்கும் யாரும் இல்லை, எனக்கும் யாரும் இல்லை. மாதா மாதம் மாத்திரை வாங்க ஒரே வரிசையில் நிற்போம். ஒருநாள் வரிசையிலேயே, "தனித்தனியா வாடகை கொடுத்து என்னக்கா கண்டோம்?" என்று கேட்டாள். ஸ்ரீரங்கத்துக்கே வந்துவிட்டாள். ஒரே வீடு, இரண்டு அடுப்பு. என் சீப்பை அவள் தொடக் கூடாது, என் சோப்பைத் தொடக் கூடாது. அவர் கடைசி நாளில் தண்ணீர் கேட்டது அவளிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன். அதை மறக்க எனக்கு இன்னும் வழி தெரியவில்லை.

சி என்கிற அந்தக் கல்லீரல் கிருமி சில வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் இருந்தது. மூன்று மாதம் மாத்திரை கொடுத்தார்கள், போய்விட்டது. அப்போது ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் பெண் எங்களை உட்கார வைத்துச் சொன்னாள்.

"அம்மா, ஒரு தடவை போயிட்டா இனிமே வராதுன்னு நெனச்சுக்காதீங்க. அடுத்தவங்க ரத்தம் பட்டா மறுபடியும் தொத்திக்கும். உங்களுக்கு எச்.ஐ.வி.யும் இருக்கு, ஈரல் சீக்கிரம் கெட்டுப் போயிடும். ஊசி, பிளேடு, நகவெட்டி எதையும் பொதுவா வெச்சுக்காதீங்க. வருஷா வருஷம் வந்து பாருங்க. சாதாரண டெஸ்ட் ஆயுசுக்கும் இருக்குன்னுதான் காட்டும். கிருமியையே எண்ணிப் பாக்குற டெஸ்ட்தான் எடுக்கணும்."

பொதுவாக வைத்துக்கொள்ளாதே என்று எனக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன.

வசந்தா அப்படி இல்லை. எங்கே போனாலும் அவளைச் சுற்றி ஆள் சேர்ந்துவிடும். காலையில் உத்திர வீதியைச் சுற்றி நடக்கிற பெண்கள் ஒரு கூட்டம். நடந்து முடித்து ஒரு வீட்டில் உட்காருவார்கள். அந்த வீட்டு அம்மாளுக்கு மகன் வெளிநாட்டிலிருந்து சர்க்கரை பார்க்கிற மிஷின் அனுப்பியிருந்தான். காபி வருவதற்குள் ஒவ்வொருத்தியாய் விரலை நீட்டுவார்கள். யாருக்கு எவ்வளவு என்று சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். எனக்கும்தான் சர்க்கரை இருக்கிறது. என்னை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. வீட்டு வாசலைப் பெருக்குகிற சாக்கில் அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். வயிறு எரியும்.

குத்துகிற ஊசி எல்லோருக்கும் ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது. பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்த விரல். ஒரு ஊசியை ஒரு தடவையோடு எறிய அந்த அம்மாளுக்கு மனசு வரவில்லை. கவுன்சிலர் பெண் இதைக் கேட்டதும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா எனக்குச் சந்தேகம் அந்த ஊசி மேலதான்" என்றாள். எனக்குக் கிருமி இல்லை. கூப்பிடாததால் தப்பித்தேன்.

வசந்தா அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய், தன் கல்லீரல் கிருமியைச் சொல்லி, எல்லோரையும் ரத்தத்தில் எல்லாக் கிருமிக்கும் பார்க்கச் சொன்னாள். நானாயிருந்தால் அந்தத் தெருவையே சுற்றிக்கொண்டு போயிருப்பேன். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. மிஷின்கார அம்மாளுக்கு மட்டும் அந்தக் கல்லீரல் கிருமி வெகுநாளாய் இருந்திருக்கிறது, அவளுக்கே தெரியாது. அவளும் மாத்திரை எடுத்தாள். அதற்கும் வசந்தாவுக்குத்தான் கையைப் பிடித்து நன்றி.

ஆனால் வசந்தாவின் ஈரல் இறுகத் தொடங்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். காலில் வீக்கம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. திரும்பவும் மாத்திரை கொடுப்போம், எச்.ஐ.வி. மாத்திரையோடு சேருமா என்று பார்க்க வேண்டும், பொறுங்கள் என்றார்கள். அவளோ படுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் சொன்னாள்.

"போனாப் போறேன்க்கா. அவரும் அங்க தனியாத்தானே இருக்காரு."

எனக்கு உச்சியிலிருந்து பற்றிக்கொண்டு வந்தது. "யாருடி தனியா இருக்கறது? மொதப் பொண்டாட்டி நான். நான்தான் மொதல்ல போவேன்."

"அதுக்கெல்லாம் வரிசை இருக்கா? மாத்திரை வாங்கற வரிசையா அது?"

"இருக்கு. நீ பின்னாடி நில்லு."

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே இருமல் வந்து மூச்சு முட்டியது. தண்ணீர் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். பயமா, பொறாமையா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அவள் முதலில் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். நான் போகும்போது அங்கேயும் வாசலில் நிற்க வேண்டும். இதுதான் மனசில் ஓடியது.

பங்குனி உத்திரம் வந்தது. உங்களுக்குத் தெரியாததா. பெருமாள் உறையூர் போய் நாச்சியாரோடு இருந்துவிட்டுத் திரும்பி வருவார். இங்கே ஸ்ரீரங்கத்துத் தாயார் கோபித்துக் கதவைச் சாத்திக்கொள்வாள். பூவும் வெண்ணெயும் பறக்கும், வாழை மட்டையால் அடி விழும். எல்லோரும் சிரித்துக்கொண்டு பார்ப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததே இல்லை. என் வீட்டுக்காரரும் உறையூர் போய்விட்டு வந்தவர்தான். நான் ஒருநாளும் கதவைச் சாத்தவில்லை. சோறு போட்டேன்.

அந்தக் கூட்டத்தில் யாரோ என் காலை மிதித்துக்கொண்டிருக்க, நான் வேண்டிக்கொண்டேன். தாயாரே, இந்த வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியும். இவளை எனக்கு முன்னால் அனுப்பிவிடாதே. அங்கேயும் இவள் முந்திக்கொண்டால் நான் எங்கே போவேன். இவள் பிழைத்து என் பின்னால் மெதுவாக வரட்டும். இவ்வளவுதான் கேட்டேன். நல்ல மனசோடு கேட்டேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மாத்திரை வந்துவிட்டது, எச்.ஐ.வி. மருந்தோடு ஒத்துப்போகும் என்றார்கள். இந்தத் தடவை நாள் கூடுதல். நான் அவளை ஒரு வேளைகூடத் தவற விடவில்லை.

"போட்டியா? வாயத் தொற, பாக்கறேன்."

"நான் என்ன கைக்கொழந்தையா?"

"நீ செத்தா எனக்குத்தான் கஷ்டம்."

"ஐயோ, என் மேல அவ்வளவு பாசமா அக்கா?"

"பாசமாம் பாசம். நீ முன்னாடி போயி அவர்கிட்ட என்னப் பத்திக் கோள் மூட்டுவ."

புரட்டாசியில் மாத்திரை முடிந்தது. முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். அந்த மூன்று மாதமும் நான் கோயிலுக்குப் போய் வேறு எதையும் கேட்கவில்லை. கேட்டால் முதலில் கேட்டது குழம்பிவிடுமோ என்று பயம். மார்கழிக் குளிரில் இரண்டு பேரும் ஒரே சால்வையில் பஸ் ஏறிப் போனோம். கவுன்சிலர் பெண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "கிருமி இல்லம்மா" என்றாள். வசந்தா எழுந்து அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டாள். என்னை இல்லை. போகட்டும். என் தாயார் என் பேச்சைக் கேட்டாள். எனக்கு அது போதும்.

இப்போது வீக்கம் வடிந்துவிட்டது. ஈரல் பழையபடி ஆகாது, ஆனால் இதற்கு மேல் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் டாக்டர். நாங்கள் அடுப்பை ஒன்றாக்கிவிட்டோம். சர்க்கரை பார்க்கிற ஊசி மட்டும் தனித்தனி, அதுவும் ஒரு தடவைக்கு மேல் இல்லை. வருஷா வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்துக்கொள்வோம். திரும்பவும் வந்தால் திரும்பவும் மருந்து உண்டு, பார்க்காமல் இருப்பதுதான் ஆபத்து என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். எனக்குப் பொறாமை போய்விட்டதா என்றால், இல்லை. முந்தாநாள்கூட எல்லோரும் அவள் ரசத்தைப் புகழ்ந்தார்கள்.

உங்களில் யாருக்காவது மனசு அழுக்காய் இருக்கிறது, இதோடு எப்படிக் கேட்பது என்று தயக்கம் இருந்தால், கழுவிவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே போய்க் கேளுங்கள். தாயார் அந்த அழுக்கை நகர்த்தி வைத்துவிட்டு உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்வாள். எனக்கு அப்படித்தான் செய்தாள்.

மருந்து, டெஸ்ட், எந்த மாதம் என்ன என்பதில் நான் தப்பாய் எழுதியிருப்பேன். வாசிப்பதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள். வசந்தாவிடம் மட்டும் கேட்க வேண்டாம். அவளைக் கேட்டால், வேண்டிக்கொண்டதே தான்தான் என்பாள்.