செத்த செடிகளின் இன்ஸ்பெக்டரம்மா

வேரை ஒரு தடவை மோந்தாலே போதும். தண்ணீர் ஊற்றிய கை இடதா வலதா, அந்தக் கைக்காரர் காலையில் யாரோடு சண்டை போட்டார், சண்டையில் ஜெயித்தது யார் என்பதுவரை புட்டுப் புட்டு வைக்கிற மூக்கு உலகத்திலேயே ஒன்றுதான் உண்டு. நிலாவில் ஒரு புல்கூட முளைக்காமல் இருப்பதற்குக் காரணம், விசாரணைக்கு அந்த மூக்கை யாரும் அங்கே கூட்டிப்போகாததுதான்.

மூக்கின் சொந்தக்காரி நர்சரி வாசலில், மண் படிந்த ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. இப்போது முதலாளியே இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்.

அந்த நர்சரியில் ஒரு வழக்கம். வாங்கிய செடி செத்துப்போனால் தொட்டியோடு கொண்டுவர வேண்டும். இன்ஸ்பெக்டரம்மா தொட்டியைக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டு தட்டி, மண்கட்டியை மேஜைமேல் கிடத்துவார். வேரைக் கிள்ளுவார், மோப்பார். செடிமேல் தப்பு என்றால் வேறு செடி கிடைக்கும். வீட்டார்மேல் தப்பு என்றால் ஏச்சு மட்டும். ஒரே வீட்டில் ஒரே செடி மூன்றாவது முறையும் செத்தால், காசை நீட்டினாலும் அந்தச் செடியை விற்கமாட்டார்.

வருகிறவர்கள் எல்லாரும் பாடுவது ஒரே பல்லவிதான்.

"நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க."

"தண்ணி கூடவா ஊத்தல?"

"ஊத்தினோம். காலையில, சாயங்காலம், நடுவுல வாடினா மாதிரி தெரிஞ்சா இன்னொரு தடவை."

"தெரிஞ்சா விரலை மண்ணுக்குள்ள விட்டுப் பாத்தீங்களா?"

"விரலையா?"

"உங்க விரல்தாங்க. ஈரமா இருந்தா கம்முனு இருங்க. செடி என்ன குடிகாரனா, கண்ட நேரத்துல ஊத்திக் குடுக்க."

நட்ட மறுநாளே உரம் போடலாமா என்று கேட்டால், "நேத்து பொறந்த குழந்தைக்கு விருந்து வைப்பீங்களா? முதல்ல வேர் பிடிக்கட்டும்" என்பார். ரோஜா குளியலறையில் வளருமா என்று கேட்டவரிடம், "நீங்க அங்கதான் வளந்தீங்களா?" என்றார். கேட்டவர் அதற்கப்புறம் வரவேயில்லை.

அந்த மேஜைக்கு ஒருநாள் கடிகாரக்காரர் வந்தார். கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்த்து ஓய்ந்த மனிதர். மெல்லிய விரல்கள், மெல்லிய குரல். கையில் மூன்றாவது ரோஜாவின் பிணம்.

வேர் கறுத்துக் கூழாகி நாறியது. முந்தைய இரண்டும் இதே கதிதான்.

"எவ்வளவு தண்ணி ஊத்துறீங்க?"

"நான் ஊத்துறதில்ல."

"அப்போ வீட்டுக்குள்ள மழை பெய்யுதா?"

கடிகாரக்காரர் மேஜைமேல் சிந்திய மண்ணை விரலால் கூட்டிச் சேர்த்தார்.

"யாருக்குச் செடி?"

"வீட்ல அவங்களுக்கு."

"அவங்களையே வரச் சொல்லுங்க."

"வர முடியாதுங்க." கடிகாரக்காரர் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "செடிய டாக்டர்கிட்ட காட்டப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வெறும் இடத்தைப் பாத்தா அவங்க தாங்கமாட்டாங்க. ஒண்ணே ஒண்ணு குடுத்துடுங்க."

இன்ஸ்பெக்டரம்மாவுக்கு மூக்கு விடைத்தது. மனைவியின் பூச்செடிக்குக் கொதிநீர் ஊற்றிய ஒரு கணவரை அவர் முன்பே பிடித்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, "என்னைவிட அதுகிட்டதான் அதிகம் பேசறா" என்றாராம் அந்த மகானுபாவர். இந்த ஆளும் அந்த ரகம்தான். நான் ஊற்றுவதில்லையாம், வீட்டம்மா வரமுடியாதாம், டாக்டராம். அந்த அம்மாவை உள்ளே பூட்டிவைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

"செடி தர்றேன். ஆனா நானே கொண்டுவந்து வைப்பேன்."

மனிதரின் முகம் செத்துவிட்டது. திருட்டு முழி என்று இன்ஸ்பெக்டரம்மா முடிவே கட்டிவிட்டார்.

வீடு இரண்டாவது மாடி. படியேறும்போதே கண்ணும் மூக்கும் வேலையைத் தொடங்கின. கூடத்துச் சுவரில் கடிகாரங்கள் எல்லாம் ஒரே நேரம் காட்டின. இவ்வளவு ஒழுங்காக இருக்கிறவனை நம்பவே கூடாது என்று நினைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றுகிற சாக்கில் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கடியில் எட்டிப் பார்த்தார். பினாயில் பாட்டில் மூடியபடியே இருந்தது. மூடியிருப்பதும் சந்தேகம்தான்.

பால்கனியில் இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் தொட்டி இருந்த இடத்தில் துருப்பிடித்த வட்டம். வட்டத்துக்கு எதிரே ஒரு அம்மா கையில் தண்ணீர் மக்கோடு, எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். இன்ஸ்பெக்டரம்மா ரோஜாவை வைத்ததும் அந்த முகத்தில் வெளிச்சம் வந்தது.

"பாவம், காலையிலேருந்து யாரும் தண்ணியே ஊத்தல போல." ஊற்றினார். உள்ளே போனார். குழாய்ச் சத்தம் கேட்டது. மக்கோடு திரும்பி வந்தார்.

"பாவம், காலையிலேருந்து யாரும் தண்ணியே ஊத்தல போல."

மறுபடி ஊற்றினார். மறுபடி உள்ளே போனார். கடிகாரக்காரர் மண்டியிட்டு, வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்தார்.

"மக்கை எடுத்து ஒளிச்சு வைக்கக்கூடாதா?"

"வச்சேன். அன்னிக்குப் பூரா வீடெல்லாம் தேடி அழுதாங்க. என் பேரு மறந்துபோச்சு, பசங்க பேரு போச்சு. செடிக்குத் தண்ணி ஊத்தணும்ங்கறது மட்டும்தான் இன்னும் மிச்சம். அதையும் பிடுங்கவா?"

"அங்கயே சொல்லியிருக்கலாமே."

"அத்தனை பேர் நிக்கறப்பவா?"

இன்ஸ்பெக்டரம்மா ரோஜாவைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். கடிகாரக்காரர் மாடியிலிருந்து, "அம்மா, அதை விட்டுட்டுப் போங்க" என்று கெஞ்சியது காதில் விழாத மாதிரியே போனார்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. அதில் அகலமான இலைகளோடு கல்வாழை. அடியில் ஓட்டை கிடையாது. விளிம்புக்குச் சற்றுக் கீழே மட்டும் ஒரு துளை, அதில் செருகிய குழாயின் மறுமுனையைப் பால்கனிச் சாக்கடைக்குள் விட்டார்.

"குளத்தோரத்துல, தண்ணிக்குள்ளயே நிக்கிற ஜாதி இது. வெயில் பட்டா போதும். அவங்க ஊத்தட்டும், மிச்சம் குழாய்ல போயிடும்."

அந்த அம்மா வாளியைச் சுற்றிவந்து பார்த்தார். இன்ஸ்பெக்டரம்மாவையே தூக்கிச் சாப்பிடுகிற சந்தேகம் அந்தக் கண்களில். கடிகாரக்காரர் துணியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"இது நம்ம செடி இல்லையே."

"ஆமாம்மா, புதுசு. இதுக்கு எப்பவும் தாகம்."

"பாவம்" என்று அந்த அம்மா மக்கைச் சாய்த்தார்.

ரோஜா மூன்று தடவை செத்த வீட்டுக்கு மாற்றுச் செடி போனது ஏன் என்று முதலாளி கேட்டார். "செடிமேலதான் தப்பு" என்றார் இன்ஸ்பெக்டரம்மா, முகத்தை மண்ணைப்போல வைத்துக்கொண்டு. அந்த மேஜையில் அவர் சொன்ன முதல் பொய் அது.

இப்போது கல்வாழை சிவப்பாக இரண்டு குலை பூத்திருக்கிறது. அந்த அம்மா இதழைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுகிறார். ஒற்றுகிற துணி கொடியில் காய்ந்து விறைத்துக் கிடக்கிறது.

இதுவரைக்கும் எழுதியதை வாசித்துக் காட்டியபோது இன்ஸ்பெக்டரம்மா கையை உயர்த்தினார்.

"நிறுத்து. வாளியை வச்சுட்டு வந்தவதான், நான் அந்தப் பக்கம் போகவேயில்ல. பூத்தது உனக்கெப்படித் தெரியும்?"

"சும்மா கற்பனை, அத்தை" என்றாள் இந்தக் கதையை எழுதியவள்.

அத்தை அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"கற்பனை பண்ணினா நகத்துக்குள்ள சேறு ஏறுமா? சொல்லு, எத்தனை நாளா அந்த வீட்டுக்குப் போற?"