நீருக்கடியில் காட்டிய விரல் வளையம்

இன்று பூந்தமல்லிப் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரின் கைப்பேசியில் ஆழ்கடல் காட்சி ஓடியது.

"எழுபத்து மூணுல நானும் முக்குளிச்சிருக்கேன்," என்றேன்.

"எங்க பெர்சு, கொரட்டூர் ஏரியிலயா?" என்று சிரித்துவிட்டு இறங்கிப் போனார்.

தொழிற்சாலை என்னைப் பயிற்சிக்கு அனுப்பிய குளிர்நாட்டில், உள்ளூர்க்காரர்களே அதிகம் போகாத பாறைத்திட்டில்தான் முக்குளித்தேன். துணைக்கு வந்தவன் நீருக்குள் அடிக்கடி இரண்டு விரல்களை வளையமாக்கிக் காட்டுவான். நல்லாயிருக்கியா என்று அர்த்தம். பதிலுக்கு நானும் காட்ட வேண்டும். ஒருமுறை கடற்பாசியை வேடிக்கை பார்த்ததில் மறந்துவிட்டேன். அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போய்விட்டான்.

மனைவி போனபிறகு வீட்டில் அப்படிக் கேட்க ஆளில்லை.

நாளையிலிருந்து தினமும் காலையில் இந்தக் குழுவில் ஒரு வளையம் போடுகிறேன். ஒருநாள் காணவில்லையென்றால் யாராவது வந்து கதவைத் தட்டுங்கள். காட்டுப்பாக்கம்தான், பேருந்துக்குக் குறைவில்லை.