கோணலான சுண்ணாம்புக் கோடு

அண்ணா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. முதல் திவசத்துக்கு வந்திருக்கும் உங்கள் கையில் இந்த நினைவு மலரைத் தருகிறோம். இதில் அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுத வேண்டியவள் அவருடைய ஒரே தங்கையான நான். அண்ணா பிடிவாதக்காரர். கல்யாணப் பந்தியில் இலை வரிசை கோணலாக இருந்தால், உட்கார்ந்தவர்களை எழுப்பி நேராக்கிவிட்டுத்தான் சாம்பார் வாளியைத் தொடுவார். உங்களில் பாதிப் பேர் அவரிடம் அப்படித் திட்டு வாங்கியவர்கள்.

ஆர்.கே.பேட்டையில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தார். நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டும்போது ஓர் இழை தொய்ந்தாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். நைனா காலமானதும் படிப்பை நிறுத்திவிட்டுக் குடும்பத்தைத் திருத்தணிக்குக் கொண்டுவந்தார். அறுபதுகளின் கடைசியில், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இருந்த அரசுப் பல்கலைக்கழகத்தில் மார்க்கர் வேலை கிடைத்தது. மைதானத்தைப் பராமரித்து, ஓடுபாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போடும் வேலை. அந்தச் சம்பளத்தில்தான் என்னையும் அங்கேயே படிக்க வைத்தார்.

அந்த மைதானம் ஒரு காலத்தில் ஏரி. ஏரியைத் தூர்த்துத்தான் பல்கலைக்கழகம் கட்டினார்கள். பழைய கல் மதகு மட்டும் வளாகத்தின் நடுவில் தண்ணீரில்லாமல் நின்றது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் அதன்மேல் ஏறிப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். நானும் எடுத்துக்கொண்டேன். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் மட்டும் மண்ணின் ஈரம் காயவே காயாது. அங்கேதான் பார்வையாளர்கள் உட்காரும் கேலரி இருந்தது. அதன் படிகளுக்கு அடியில் சாமான் அறை.

என் இரண்டாம் ஆண்டில், விளையாட்டு விழாவுக்கு மூன்று நாள் முன்பு, கேலரி ஓரமாக அண்ணா கயிறு பிடித்துக் கோடு போட்டார். மறுநாள் காலையில் அது ஒரு விரல் அளவு வெளியே வளைந்திருந்தது. அழித்துவிட்டு நேராகப் போட்டார். மறுபடியும் வளைந்தது. கேலரி இறங்கி மண்ணைத் தள்ளுகிறது என்று விளையாட்டு ஆசிரியரிடம் போய்ச் சொன்னார்.

“ராத்திரி ஊத்திகினு வந்தா கோடு கோணலாத்தான்யா போவும்” என்றார் அவர். அண்ணா குடித்தவரே இல்லை.

விழா அன்று காலையில் பார்த்தால், முடிவுக் கோடு மைதானத்தின் எதிர்ப்பக்கத்துக்குப் போயிருந்தது. யாரையும் கேட்காமல் அண்ணாதான் மாற்றியிருந்தார். ஓட்டம் முடிவதைப் பார்க்கக் கூட்டம் முழுவதும் அந்தப் பக்கம் வெயிலில் போய் நின்றது. நிழலில் கேலரி காலியாகக் கிடந்தது. நாள் முழுக்க அது அசையக்கூட இல்லை. அண்ணாவை வேலையை விட்டு நீக்கினார்கள். பந்தயத்தில் என்னோடு ஓடிய பெண்கள் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. குடித்திருப்பாரோ என்று நானும்கூட நினைத்தேன்.

அவர் இடத்துக்கு மணவூர்க்காரர் ஒருவர் வந்தார். அண்ணா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“நான் அங்க காலெடுத்து வைக்க முடியாது. மழை பெய்யிறப்போ கேலரிக்கு அடியில அந்த ரூமுக்குள்ள போவாதன்னு அவன்கிட்ட நீ சொல்லிடும்மா.”

ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டார். “ஆங், சொல்லிட்டேண்ணா” என்றேன்.

ஐப்பசி மழையில் ஒரு பிற்பகல் கேலரி இடிந்து உட்கார்ந்தது. தடை ஓட்டத்துக்கான மரச் சட்டங்களை நனையாமல் எடுத்து வைக்க மணவூர்க்காரர் அந்த அறைக்குள் போயிருந்தார். பிணத்தைத்தான் எடுத்தார்கள். அடக்கத்துக்குப் போய்வந்த அண்ணா, “சொல்லியும் போயிருக்கானே” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். நான் அவர் குளிக்க வெந்நீர் வைக்கப் போனேன்.

அதற்குப் பிறகு விசைத்தறிக்குப் போனார். ஒவ்வொரு தீபாவளிக்கும் மணவூருக்கு, இறந்தவர் வீட்டுக்குத் துணி எடுத்துக்கொண்டு போவார். கடைசி இரண்டு மாதம் அவர் படுக்கையில் கிடந்தபோது வைத்தியம் பார்த்த டாக்டருக்கும், தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

ரயிலேறி வந்து அவருக்குக் கஞ்சி ஊட்டிய மணவூர் அம்மாவுக்கும் இந்த மலர் வந்து சேரும். அம்மா, சொல்லியும் கேட்காமல் அந்த அறைக்குள் போனவர் உங்கள் கணவர் என்றுதான் அண்ணா உங்களிடம் சொல்லியிருப்பார். உங்கள் கணவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவள் நான்.