அண்ணன் சீவிய விளிம்புகள்

எங்கள் அண்ணன் நெமிலியில் பிறந்தவர். எந்த வருஷம் என்பதை அம்மா ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்வதால் இங்கே எழுதவில்லை. அப்பா காலமானதும் எங்களை ராணிப்பேட்டைக்குக் கூட்டிவந்து, தோல் பதனிடும் கிடங்கில் தச்சு வேலையில் சேர்ந்தார். தோலைப் போட்டுச் சுரண்டும் பலகையின் ஓரம் கூராக இருந்தால் ஈரத்தோல் கிழிந்துவிடும். அந்த ஓரங்களைச் சாய்வாகச் சீவுவதற்கென்றே ஒரு சின்ன இழைப்புளி வைத்திருந்தார். அதைத் தொட்டு நானும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

அம்மாவுக்குப் பார்வை போன பிறகு, ஒரு நாள் பெட்டி மூலை இடித்து நெற்றி கிழிந்தது. அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அம்மாவை அரக்கோணத்திலுள்ள சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வாசல் நிலை, பெஞ்சு, பெட்டி என்று ஒன்று விடாமல் ஓரம் சீவித் தள்ளினார். நானும் மரச்சுருளைப் பெருக்கிக் கொடுத்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பெருமை.

அம்மா திரும்பி வந்து நிலையைத் தடவினார். பெட்டியைத் தடவினார். முகம் வெளிறிவிட்டது.

“இது யார் வூடுடா? என்னை எங்க கூட்டியாந்த?”

“நம்ம வூடுதாம்மா. உனக்கு இடிக்கக் கூடாதுன்னு நான்தான் சீவினேன்,” என்றார் அண்ணன்.

“பொய் சொல்லாதடா. நீ பம்பாய் போறதுக்காவ என்னை யார் வூட்லயோ தள்ளிவுடப் பாக்குற.”

பம்பாயிலிருந்து அண்ணனுக்கு வேலைக்கு அழைப்பு வந்திருந்தது உண்மைதான். அந்தக் கடிதத்தை அன்றே கிழித்துப் போட்டார். சீவியதைத் திரும்ப ஒட்டவா முடியும்? ஓரங்களில் புதுச் சட்டம் அடித்தும் பார்த்தார். அம்மாவுக்கு அது இன்னொரு வீடாகிப்போனது.

அதன் பிறகு தினமும் சாயங்காலம், “எப்படா நம்ம வூட்டுக்குப் போறோம்?” என்று அம்மா கேட்பார். “நாளைக்குப் போலாம்மா,” என்பார் அண்ணன். பதினொரு வருஷம் இப்படியே போனது. பொய்யே பேசாதவர் என்று ஊரார் அவரைச் சொல்வார்கள். நானும் அப்படியே எழுதலாமா என்று தெரியவில்லை.

போன ஆடியில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் அண்ணன் போய்விட்டார். கடைசியாக என் கையைப் பிடித்து, “அம்மா கேட்டா...” என்றார். மீதியைச் சொல்லவில்லை.

அழுகைச் சத்தம் கேட்டு அம்மா என் தோளைத் தொட்டார். “இந்த வூட்ல யாரோ போய்ட்டாங்க போலருக்குடா, பாவம். பெரியவன வரச் சொல்லு. நம்ம வூட்டுக்குப் போய்டலாம்.”

“அண்ணன் முன்னாடியே போயிருக்காரும்மா,” என்றேன்.

அண்ணனைத் தூக்கிச் சென்ற கிடங்குத் தோழர்களுக்கும், அன்றெல்லாம் எங்களுக்குச் சோறு அனுப்பிய பக்கத்து வீட்டு பாய் குடும்பத்தாருக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். முதலாண்டு நினைவு நாளுக்கு வருகிறவர்களின் கையைப் பிடித்து, பெரியவன் எப்போது வருவான் என்று அம்மா கேட்பார். நான் சொல்லிவைத்தது சரியா தப்பா என்று ஒரு வருஷமாகக் குழம்புகிறேன். உண்மையைச் சொல்ல உங்களில் யாருக்காவது மனம் வந்தால் சொல்லுங்கள். எனக்கு வரவில்லை.