கதிரேசன் மாற்ற மறுத்த பால் ஜாயின்ட்

இரண்டாயிரத்து ஏழில் எங்கள் தெருவில் வந்து கஞ்சப் பிசினாரி வீடு எது என்று கேட்டிருந்தால் பச்சைப் பிள்ளைகூடக் கதிரேசன் வீட்டைக் காட்டியிருக்கும். சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வண்டி வைத்து ஓட்டுகிறவன். எனக்கு அடுத்த வீடு. மற்றவர்கள் ஒரு விரலால் காட்டினால் நான் இரண்டு கையாலும் காட்டியிருப்பேன். என் பெயர் மெட்டில்டா. ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனுக்குப் பின்னால் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். நீளம்தான், அதற்கு என்ன இப்போது?

அவன் வண்டியின் முன்பக்கத்தில் ஒரு சத்தம். தெருமுனை வேகத்தடையில் ஏறும்போது ஒரு டொக், இறங்கும்போது டொக் டொக். வேளச்சேரி ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற கலீல் பாய்தான் அது என்னவென்று எனக்கு விளக்கினார். முன்சக்கரத்தைத் தாங்குகிற இரும்புக் கையின் முனையில், கிண்ணத்துக்குள் ஒரு குண்டு உட்கார்ந்திருக்குமாம், நம் இடுப்பு எலும்பு மாதிரி. லோயர் பால் ஜாயின்ட் என்று பேர். தேய்ந்து போனால் குண்டு கிண்ணத்துக்குள் ஆட்டம் போடும். கதிரேசன் வண்டியில் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

கூத்து என்னவென்றால், அவன் தினமும் ஏற்றுகிற லோடே அதுதான். மறைமலை நகரில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியிலிருந்து கார் சாமான் ஏற்றிக்கொண்டு வந்து கடை கடையாக இறக்குவான். பெட்டி பெட்டியாகப் புத்தம் புது பால் ஜாயின்ட். பிக்கப்புக்கு அந்த சைஸ் ஆகாது என்பான். சரி, ஆகிற சைஸை வாங்கி மாட்ட வேண்டியதுதானே? இண்டிகேட்டர் பல்பு போனால் அன்றைக்கே மாற்றுகிறவன், காலையில் வண்டியைத் துடைக்காமல் டீ குடிக்காதவன், இதை மட்டும் தொட மாட்டேன் என்றான்.

"அது பாட்டுக்குக் கத்திகினு போவுது. உனக்கு இன்னாக்கா நோவுது?" என்று என்னையே கேட்டான்.

வெளியே அவனைத் திட்டினேனே தவிர, உள்ளுக்குள் அந்தச் சத்தம் எனக்கும் வேண்டியிருந்தது. அவன் மனைவி தீபலட்சுமிக்கு அதைவிட வேண்டியிருந்தது.

கதிரேசனின் அம்மா தாம்பரத்தில் வீடு வீடாகப் போய் மாவாட்டி அவனை வளர்த்தவர். விரலிடுக்கெல்லாம் புண்ணாகி, சாகிற வரைக்கும் ஆறவில்லையாம். அதனால் இவன் தன் கல்யாண மண்டபத்தில் அத்தனை பேர் முன்னாலும், "என் பொண்டாட்டி இன்னொருத்தங்களுக்கு மாவாட்ட மாட்டா. இது எங்கம்மா மேல சத்தியம்" என்று சொன்னான். எல்லோரும் கை தட்டினார்கள். மணமேடையில் உட்கார்ந்திருந்தவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

தீபாவோ சும்மா உட்கார்ந்தால் உடம்புக்கு முடியாமல் போகிற ஜாதி. பிள்ளை இல்லை, டிவி சீரியலில் மனசு இல்லை. அம்மா வீட்டுச் சீராக வந்த கிரைண்டர் மூலையில் சும்மா கிடந்தது. ஒரு நாள் எனக்கு ஒரு கிண்ணம் மாவு கொடுத்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? ஜாக்கெட் தைக்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். அப்புறம் தூக்குச்சட்டியோடு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இட்லி அப்படி வரும், வாயில் வைத்தால் இருக்கிற இடம் தெரியாது. மூலையில் ஒடுங்கிக் கிடந்த பெண், "உங்களுக்கு எவ்ளோ, உங்களுக்கு?" என்று வாசலில் நின்று அதட்ட ஆரம்பித்தாள். அவள் குரலே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவளுக்கு அந்த மாவுதான் உயிர் என்றால் மிகையில்லை.

கதிரேசன் எந்த நேரத்தில் வருவான் என்று சொல்ல முடியாது. லோடு இறக்கினால் வருவான். அதனால்தான் அந்தச் சத்தம். வேகத்தடையில் டொக் கேட்டதும் கிரைண்டர் நிற்கும், அண்டா மேல் ஈரத்துணி விழும், தூக்குச்சட்டிகள் எல்லாம் கொல்லைப்பக்கச் சுவர்ச் சந்து வழியாக என் வீட்டுக்குள் வந்துவிடும். மாவு வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நான் டேப்பை எடுத்து இடுப்பு அளந்திருக்கிறேன். அவன் வந்து கால் கழுவி, சாப்பிட உட்கார்ந்து, "நல்லாத் தூங்கினியா?" என்று கேட்பான். "தூங்கினேங்க" என்பாள். நெற்றி வியர்வையோடு சொல்வாள், அந்த மடையனும் நம்புவான்.

ஆடி மாதத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்து வண்டி வாசலில் நின்றது. தன் மனைவி நூர் பீவியின் ஜாக்கெட்டை வாங்க வந்த கலீல் பாய் வண்டியைப் பார்த்தார். அவருக்குக் கை சும்மா இருக்காதே. ஜாக்கியை வைத்துத் தூக்கி, டயருக்கடியில் என் வீட்டுக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். சக்கரம் ஆடிப்போன பல் மாதிரி மேலும் கீழும் ஆடியது. தீபா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிச் சொல்லி வாய் நோவுது, உன் வூட்டுக்காரரு கேக்க மாட்டேன்றாரு. நீயாவது சொல்லு தங்கச்சி," என்றார் பாய். "சத்தம் போடற வரைக்கும் பரவால்ல. ஒரு நாளைக்கு குண்டு கழண்டு வெளிய வந்துடும். சக்கரம் அப்டியே மடங்கிக்கும். ஸ்டீரிங்க எந்தப் பக்கம் திருப்பினாலும் வண்டி கேக்காது. மறைமலை நகர் போற ஜி.எஸ்.டி. ரோடு, பின்னாடி லாரி வந்துகினே இருக்கும். இதுக்கு மேல நான் இன்னா சொல்றது?"

சாயங்காலம் தீபா என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, மாத்திட்டா சத்தம் நின்னுடும். மாவும் நின்னுடும்."

"மாட்டுக்குக் கட்டற மணிய ஒண்ணு வண்டில கட்டி வுட்டுடலாம்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "மாவு போனாப் போவுதுக்கா. எனக்கு ஆளு வேணும்," என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் மெல்லிசு. நான் ஒட்டுக் கேட்கிறவள் இல்லை, காதில் விழுந்தால் நான் என்ன செய்வது?

"அந்த பால் ஜாயின்ட்ட மாத்துங்க."

"இப்ப இன்னா அவசரம்? பாத்துக்கலாம்."

"மாத்தினாத்தான் இந்த வூட்ல அடுப்பு எரியும்."

அவன் குரல் இறங்கி வந்தது. "மாத்தினா சத்தம் வராது தீபா. தெரியுமில்ல?"

"வர வேணாம்."

"நல்லா யோசிச்சுக்கோ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு இரும்புக் குண்டை மாற்றுவதற்கு இவன் என்ன, பெண்டாட்டியை யோசிக்கச் சொல்கிறான்? இப்படியும் ஒரு பிசினாரி பூமியில் பிறப்பானா என்று தையல் மெஷினை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். நூல் அறுந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு நானும் போனேன், பாய் கையோடு கொண்டுபோன கடப்பாரையைத் திரும்ப வாங்க வேண்டுமே. முன்பக்கத்தைத் தூக்கிக் கட்டை கொடுத்து, சக்கரத்தைக் கழற்றி வைத்திருந்தார் பாய். நட்டைக் கழற்றிவிட்டு, குண்டின் தண்டு மாட்டியிருக்கிற இடத்தில் சுத்தியலால் பக்கவாட்டில் நாலு போடு போட்டார். புதுசாக இருந்தால் அரை நாள் மல்லுக்கட்ட வேண்டுமாம். இது, போதும்டா சாமி என்று தானாக இறங்கி வந்துவிட்டது. "ஒரு பக்கம் மட்டும் போட்டா போதுமா?" என்று கேட்டேன். "ஒரு கண்ணுக்கு மட்டும் கண்ணாடி போடுவியாக்கா?" என்று என்னை மடக்கிவிட்டு, இரண்டு பக்கமும் புதுசு மாட்டி கிரீஸ் அடித்தார்.

பழைய குண்டைக் கையில் எடுத்துக் காட்டினார். கிண்ணத்தின் விளிம்பு காகிதம் மாதிரி தேய்ந்திருந்தது. "இன்னும் நாலு பெரிய பள்ளம். அவ்ளோதான் தாங்கியிருக்கும்," என்றார். தீபா அங்கே கிடந்த டயர் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கதிரேசன் குண்டைப் பார்க்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் கடைசி மாவு. நனைத்து வைத்த அரிசியை வீணாக்க முடியாது என்று அரைத்தாள். வந்தவர்களிடம் நாளையிலிருந்து கிடையாது என்றாள். "ஏன், எதுக்கு?" என்று அவர்கள் குடைந்தார்கள். "உடம்பு முடியல" என்று சொல்லிக்கொண்டே கரண்டி கரண்டியாக ஊற்றினாள். கண்ணில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றுகொண்டு என் பாத்திரத்தை நீட்டினேன்.

அப்போது தெருமுனையில் ஒரு ஹாரன். சும்மா ஒரு தட்டுத் தட்டுகிற ஹாரன் இல்லை, செத்தவர்களை எழுப்புகிற மாதிரி விடாமல் அடித்தது. எட்டிப் பார்த்தேன். வேகத்தடைக்கு அந்தப் பக்கம் கதிரேசனின் பிக்கப் நின்றுகொண்டிருந்தது. முன்னால் மாடு இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூட இல்லை. ஹாரன் அடித்து முடித்துவிட்டு இன்ஜினை நிறுத்தினான். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. தீபாவுக்கு அதுகூட இல்லை.

மாவுக் கையோடு, கரண்டியோடு விறுவிறுவென்று நடந்தாள். நானும் ஓடினேன். வண்டிக் கதவில் ஓங்கி ஒரு அடி. புருஷனை 'நீங்க' என்பதைத் தவிர வேறு பேசி அறியாதவள் அன்றைக்கு, "யோவ்!" என்றாள். "உனக்குத் தெரியுமா? இத்தினி நாளும் தெரியுமா?"

அவன் திரும்பவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒண்ணும் பாக்கல."

"தெரிஞ்சுதான் அந்த எழவு ஜாயின்ட்ட மாத்தாம சுத்திகினு கெடந்தியா? சக்கரம் கழண்டு நீ செத்திருந்தா? மாவாட்டி யாருக்குய்யா ஊத்துவேன்?"

"பாத்தா நான் நிறுத்தணும், தீபா. அம்மா மேல சத்தியம் பண்ணிகீறேன்." ஸ்டீரிங்கைப் பிடித்தபடி சொன்னான். "நிறுத்திட்டா உனக்குன்னு இன்னா கீது அந்த வூட்ல?"

கரண்டியிலிருந்து மாவு ரோட்டில் சொட்டியது. அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். பிறகு சுற்றி வந்து, கதவைத் திறந்து, அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ சத்தியம் பண்றப்போ என்ன ஒருத்தரும் கேக்கல. வண்டிய எடு. வாசல்ல அஞ்சு பேரு நிக்கிறாங்க. கையக் கழுவிகினு வந்து நீயே அளந்து ஊத்து."

வந்து ஊற்றினான். அளந்து பழக்கமில்லாத கை, என் பாத்திரத்தில் அரைக் கரண்டி குறைவாக விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.