எட்டாம் பாகத்தை ஒளித்துவைத்த நாவலாசிரியை

நமக்குத் தெரிந்த நாவலாசிரியை ஒருவர் இருக்கிறார். மூன்று நாவல் எழுதியவர். மூன்றும் அச்சில் இருப்பதாக அவர் சொல்வார். அச்சகத்திலேயே இருப்பதாக அவர் கணவர் சொல்வார். கணவர் பல்செட் செய்து கொடுப்பவர். ஊரார் வாய்க்கெல்லாம் அளவெடுத்தவர், தன் வாய்க்கு மட்டும் அளவு வைத்துக்கொள்ளவில்லை.

நாவல் சோறு போடாது என்பதால் அம்மணி ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறார். "நான் சும்மாதான் நின்றேன், சுவர்தான் என் வண்டியை நோக்கி வந்தது" என்று விண்ணப்பம் எழுதுகிறவர்களைத் தினமும் படிக்கிறார். இவர்களுக்கு இருக்கிற கற்பனை நமக்கு இல்லையே என்று அங்கேயும் ஒரு பொறாமை உண்டு. ஆனால் அது சில்லறைப் பொறாமை. மொத்தப் பொறாமை வீட்டில் இருந்தது.

வீட்டில் ஒரே மகள், ஏழாம் வகுப்பு. செல்லப் பெயர் கரையான். தாள் என்று கண்ணில் பட்டால் விடமாட்டாள். மாத்திரை டப்பாவுக்குள் மடித்துவைத்த எச்சரிக்கைத் துண்டு வரைக்கும் வாசித்துவிட்டு, "அப்பா, இதைச் சாப்பிட்டா உனக்கு வாந்தி வரலாமாம்" என்று நல்ல சேதி சொல்வாள். அந்த வீட்டில் கரையான் அரிக்காத தாள் அம்மாவின் மூன்று நாவல்கள் மட்டும்தான். அவற்றை மேல் தட்டிலிருந்து நடுத்தட்டுக்கு இறக்கி, பிறகு அவள் படுக்கைக்குப் பக்கத்திலேயே வைத்தும் பார்த்தாயிற்று. ஒருநாள் இரண்டாவது நாவலின் மேல் அவள் தண்ணீர் டம்ளரை வைத்தாள். தொட்டாளே, அதுவரைக்கும் சரி என்று தாய் மனம் தேற்றிக்கொண்டது.

அவள் உயிரை விட்டது வேறொருவர் எழுத்துக்கு. கலங்கரை விளக்கத்தில் குடியிருக்கும் இரட்டைப் பிள்ளைகளைப் பற்றி ஏழு பாகம் எழுதி, எட்டாவதையும் அறிவித்திருந்த மனிதர். எட்டுப் பாகத்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஏழு பின்னட்டையிலும் ஒரு பூனையை மடியில் வைத்துக்கொண்டு சிரிப்பார். "பூனையைத் தூக்கி வச்சுக்கிட்டா எழுத்தாளனா?" என்று கேட்ட நம் நாவலாசிரியை, மறுவாரமே பக்கத்து வீட்டுப் பூனையை இரவல் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளப் போனார். முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. படம்தான் இல்லை.

இந்த எரிச்சலுக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. ஒரு புத்தகக் கண்காட்சியில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை போட்டு, கையெழுத்துப் போட உட்கார வைத்தார்கள். அவர் மேசைக்கான வரிசை இவர் மேசையைச் சுற்றி வளைந்து வெளியே போனது. இவர் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் அவருக்காக நின்றவர்கள். அப்போது வரிசையிலிருந்து ஒரு கை நீண்டது. "அம்மா, அவர் பேனா எழுதலையாம். உன் பேனாவைக் குடேன்." கை கரையானுடையது. கொடுத்தார். பேனா திரும்பி வரவில்லை.

அதனால்தான், மகளுக்காக முன்பணம் கட்டியிருந்த எட்டாம் பாகத்தின் பொட்டலம் அலுவலக விலாசத்துக்கு வந்து சேர்ந்த அன்று, நாவலாசிரியை நாவலாசிரியைகள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு காரியம் செய்தார். பொட்டலத்தை இழுப்பறைக்குள் தள்ளி, மேலே நாலு விபத்துக் கோப்புகளை அடுக்கிவிட்டு, வீட்டுக்குப் போய் "இன்னும் வரலடா" என்றார். தீனி இல்லாவிட்டால் கரையான் எந்தக் கட்டையையும் அரிக்கும், நம் கட்டைக்கும் வரும் என்பது கணக்கு.

மறுநாள் சாப்பாட்டு வேளையில், எதற்கும் இருக்கட்டும் என்று குற்றம் கண்டுபிடிக்கும் உத்தேசத்தோடு அதைப் பிரித்தார். பக்கத்து இருக்கை அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்ன, டப்பாவையே திறக்கல?"

"இதுல எத்தனை ஓட்டைன்னு பார்க்கிறேன்க்கா."

கொஞ்ச நேரம் கழித்து அக்கா கேட்டாள்: "எத்தனை ஓட்டை தேறுச்சு?"

"ஐயோ, சும்மா இருங்கக்கா! விளக்கு அணையப் போகுது, கீழே கப்பல் வருது!"

அக்கா அவர் டப்பாவைத் திறந்து பாதியைச் சாப்பிட்டதுகூட அவருக்குத் தெரியவில்லை. முடித்தபோது கண் கலங்கியிருந்தது. அந்த ஆள் நன்றாக எழுதுகிறான். மட்டமாக எழுதியிருந்தால் மன்னித்திருக்கலாம்.

இதற்கிடையே வீட்டில் கணக்கு பலித்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகல் கரையான் டம்ளரை நகர்த்திவிட்டு, அடியில் இருந்ததை எடுத்துப் பிரித்தாள். அம்மா சமையலறையில் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துத் தேய்த்து, பக்கம் புரளும் ஓசையை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு சிரிப்புச் சத்தம். எந்த இடமாக இருக்கும்? சிரிக்கிற மாதிரி நாம் ஒன்றும் எழுதவில்லையே?

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கரையான் வெளியே வந்தாள்.

"அம்மா, கடைசியில அவ ஸ்டேஷன்ல நிக்கிறா. ரயில் வருது. அவ பார்க்கிறா. முடிஞ்சுபோச்சு. ஏறினாளா இல்லையா?"

"அது படிக்கிறவங்க யோசிக்கிறதுக்காக விட்டது, கண்ணா."

"உனக்கே தெரியாதா?"

"தெரியும். சொல்லக் கூடாது."

"யாரு சொல்லக் கூடாதுன்னது?"

"இலக்கியம்."

"எனக்கும்தான் தெரியலடா," என்றார் கூடத்திலிருந்து அப்பா. "கேட்டுக் கேட்டு அலுத்து உங்கம்மாவைக் கல்யாணமே பண்ணிக்கிட்டேன். அப்பவும் சொல்லல."

கரையான் உதட்டைச் சுழித்தாள். "அவர் புத்தகத்துல இப்படியெல்லாம் ஏமாத்தமாட்டார். விளக்கு அணைஞ்சா யாராவது வந்து ஏத்திருவாங்க."

இத்தனை நாள் அடக்கிவைத்தது அந்த 'அவர்' என்ற ஒரு சொல்லில் பொங்கி வழிந்தது. "ஏத்துவாங்களா? உங்க அவர் எட்டாவதுல விளக்கை அணைச்சே விட்டுட்டார், போய்ப் பாரு! அந்தத் தம்பிக்காரன் கரையில நின்னு கையைத் தட்டித் தட்டித்தான் கப்பலுக்கு வழி காட்டுறான்!"

அப்பா மெதுவாக எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, இல்லாத வேலைக்கு வெளியே போனார்.

"எட்டாவது வரலேன்னு சொன்னியே," என்றாள் கரையான்.

அம்மா கைப்பையைத் திறந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். மகள் வாங்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கிடைக்காமல் கிடைத்த ஒரே வாசகியையும் வாயால் தொலைத்தாயிற்று என்று அம்மா சாத்திய கதவுக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார்.

ஞாயிறு முழுக்க எட்டாம் பாகம் கூடத்து மேசையிலேயே கிடந்தது. கரையான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மாலையில் வெளியே வந்து, கணக்குப் பாட நோட்டிலிருந்து கிழித்த தாளை அம்மா மடியில் போட்டாள்.

"நீ என் கதையோட முடிவைச் சொல்லிட்ட. நான் உன் கதையோட முடிவை எழுதிட்டேன். சரிக்குச் சரி."

அம்மா படித்தார். எழுத்து கோணல். முற்றுப்புள்ளிக்கு இவளிடம் மதிப்பே இல்லை. ஆனால் மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: 'அந்த ரயில் அவளை ஏற்றிக்கொள்ள வரவில்லை தண்ணீர் பிடிக்க நின்றது அது அவளுக்கும் தெரியும் ஆனாலும் பையைத் தூக்கிக்கொண்டாள்.'

மறுபடி படித்தார். அந்த ரயிலடியில் அந்தப் பெண்ணை இரண்டு வருஷம் நிற்க வைத்து, எத்தனையோ முடிவு எழுதி எழுதிக் கிழித்து, கடைசியில் ஒன்றும் தோன்றாமல்தான் "பார்த்தாள்" என்று முடித்துவிட்டு அதற்கு இலக்கியம் என்று பெயர் வைத்தார். இவள் கால் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் படுத்துக்கொண்டே எழுதியிருக்கிறாள். பூரிப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பூரிப்புக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. எட்டுப் பாகத்தார் மேல்கூட இப்படி எரிந்ததில்லை. அவராவது ஊரார் பிள்ளை.

"எப்படி இருக்கு?" என்றாள் கரையான், அக்கறையே இல்லாதவள்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"ம்... சுமாரா இருக்கு."

"சுமாரா?"

"முதல் முயற்சிக்குப் பரவாயில்லை." தாளை மடித்தார். மடித்தவர் கொடுக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "ஏன்டா, இந்த ரயில் வரியை மட்டும் அம்மாவுக்குக் கொடுத்துடேன். அடுத்த பதிப்புல போட்டுக்கிறேன்."

கரையான் தாளை அவர் கையிலிருந்து உருவிக்கொண்டாள்.

"சுமாரா இருக்கிறது உனக்கு எதுக்கும்மா?"